தவக்குல்: பெங்களூரில் ஒரு பெயரின் வரலாறு

பெங்களூர்ப் பேட்டைப் பகுதியில் வாழும் தமிழ் நேயர்கள் காட்டன்பேட்டையை நன்கறிவர். கன்னட மக்கள் அரளேபேட்டெ என அழைக்கும் அவ்விடத்தில், வணிகரும் கூலியாளரும் நெருங்கி நடமாடும் தெருக்களினூடே, ஒரு தர்கா அமைந்துள்ளது. அதனுள் அடங்கியிருக்கும் பெரியார் தவக்குல் மஸ்தான் என்பார். அவ்வழியே நாள்தோறும் செல்வோருள் அப்பெயரின் பொருளை உசாவி அறிந்தோர் சிலரே ஆவர். துயருற்ற நெஞ்சுக்கு இசுலாம் காட்டும் நெறியின் பெயரே அது.

தவக்குல் என்பது அரபுச் சொல். நமக்கு அது முற்றிலும் புதியதன்று. அதன் வேரில் பிறந்த இரு சொற்கள் நீதிமன்ற வாயில் வழியே தமிழில் நுழைந்து, நாட்டுப்புறத்து உழவரின் நாவிலும் குடியேறிவிட்டன. வக்கீல், வக்காலத்து என்பனவே அவை. இறைவனின் திருநாமங்களுள் 'அல் வகீல்' என்பதும் ஒன்று. தன் காரியத்தை அவன்பால் ஒப்படைத்தலே தவக்குல். வழக்கு முடிந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சம் அமைதியுறுதல் என்பதே பொருள். கி.பி. 1111-இல் மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி இந்நிலையை மூன்று படிகளாக வகுத்தார். வக்கீலை நம்பும் கட்சிக்காரன் முதற்படியில் நிற்கிறான். தாயையன்றி வேறொருவரை அறியாத குழவி அடுத்த படியில். குளிப்பாட்டுவோன் கையிலுள்ள பிணம் கடைசிப் படியில். ஆயினும், சோறு எதிரே இருக்கக் கையை நீட்டாமல் காத்திருப்பவனை அவர் பத்தனென்று கொண்டாடவில்லை, பித்தனென்றே தள்ளினார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கவேண்டுமா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைக்கவேண்டுமா என்று வினவியவரிடம், கட்டிவிட்டே நம்புமாறு நபிகள் நாயகம் அவர்கள் பணித்த செய்தியும் பலர் அறிந்ததே.

தவக்குல் மஸ்தானின் வாழ்க்கையைப் பற்றி வழங்குவன பெரும்பாலும் செவிவழிச் செய்திகளே. ஹைதர் அலியின் காலத்தில் பெங்களூர்க் கோட்டைப் பணியில் கூலியாளரோடு கூலியாளராகக் கல் சுமந்தார் என்றும், பொழுது சாய்ந்ததும் கூலி பெறாமலே அகன்றுவிடுவார் என்றும் ஒரு கதை உண்டு. நடந்ததோ நடவாததோ, பெயருக்கு வெகு பொருத்தமான கதை. உழைப்பை விடாதவர், கூலிக்குக் கவலாதவர்.

இனி, துயரம் என்பது என்ன? இறைவனை நம்புவோன் அழலாகாது என்று சிலர் கருதுகின்றனர். இசுலாமிய வரலாறு இதற்கு இடந்தரவில்லை. ஏறத்தாழ கி.பி. 619-ஆம் ஆண்டை முசுலிம்கள் 'துயர ஆண்டு' என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். கால் நூற்றாண்டுக் காலம் இல்லறத் துணையாயிருந்த கதீஜா நாயகியாரும், தந்தைபோல் காத்து நின்ற பெரிய தந்தை அபூதாலிபும் அவ்வாண்டில் அடுத்தடுத்து மறைந்தனர். ஆதரவு நாடித் தாயிப் நகருக்குச் சென்ற நாயகம் அவர்களை அவ்வூரார் கல்லால் அடித்து விரட்டினர். குருதி ஒழுக ஒரு திராட்சைத் தோட்டத்தை அடைந்து, தம் வலிமைக் குறைவையும் மக்கள் தம்மை இகழ்வதையும் இறைவனிடமே முறையிட்டார்கள். தோட்டத்துக்குரியோரின் அடிமையாகிய கிறித்தவர் ஒருவர் பழக்குலை கொண்டுவந்து கொடுத்தார். துயருக்கிடையே வந்த அந்தச் சிறு தட்டுப் பழத்தைச் சரித ஆசிரியர்கள் மறவாமல் எழுதிவைத்தது எமக்கு மிகவும் பிடித்த செய்தி.

யாகூப் நபியோ, மகன் யூசுபை இழந்து அழுதழுது கண்ணொளி இழந்தவர். அவரைத்தான் அழகிய பொறுமைக்குச் சான்றாகத் திருக்குர்ஆன் காட்டுகிறது. 'சபூர்' எனத் தமிழ் முசுலிம்கள் சொல்லும் பொறுமை, கண்ணீரை அடைக்கும் அணையன்று. முறையீடு எவரிடம் செல்கிறது என்பதே அங்குக் கேள்வி. நாயகம் அவர்கள் தம் மதலை இப்ராகீமை இழந்தபோது கண்ணீர் வடித்தார்கள். அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குழந்தைக்காக வானமே இருண்டது என்று மக்கள் பேசினர். எவர் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் மறுத்துரைத்தார்கள். தம் துயரைத் துயராகவே ஏற்றார்கள். அதற்கு வானத்தைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

பெங்களூரின் வரலாற்றிலும் இத்தகைய துயரங்கள் உண்டு. ஹைதர் அலியும் அவர் மனைவியாரும் ஆர்க்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் என்னும் இறைநேசரின் தர்காவில் மகப்பேறு வேண்டினர் என்றும், தேவனஹள்ளியில் பிறந்த மகனுக்கு அப்பெயரையே இட்டனர் என்றும் கூறுவர். மைசூரை ஆண்ட சுல்தானின் பெயர் தமிழகத்து ஆர்க்காட்டினின்று வந்தது என்பதில் நம்மவர்க்குச் சிறிது பெருமிதம் தோன்றினால் குற்றமில்லை. அந்தத் திப்பு சுல்தான் 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைக் காரன்வாலிஸின் படையிடம் இழந்தார். மறு ஆண்டு உடன்படிக்கைப்படி இளஞ்சிறுவராகிய இரு மைந்தரையும் பிணையாக அனுப்பினார். அவர்கள் சென்னையில் வைக்கப்பட்டு, 1794-இல் தேவனஹள்ளியில் தந்தையிடம் திரும்பச் சேர்க்கப்பட்டனர். இடைப்பட்ட ஈராண்டில் அத்தந்தையின் நெஞ்சில் என்ன ஓடிற்று என்பதை எவர் சொல்லவல்லார்? எனினும் அவர் தம் கனவுகளைப் பாரசீக மொழியில் தம் கைப்படக் குறித்துவைத்த ஏடு இலண்டனில் உள்ளது. முப்பத்தேழு கனவுகள் கொண்ட அவ்வேட்டில் போரும் பகைவரும் மட்டுமின்றி, இறைநேசரும் வருகின்றனர்.

தமிழிலும் இந்நெறியைப் பாடிய மஸ்தான் ஒருவர் இருந்தார். தொண்டிக்கு அருகேயுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், இளமையிலேயே துறவு பூண்டு, சென்னை இராயபுரத்தில் தங்கி, 1838-இல் மறைந்தார். குணங்குடி மஸ்தான் சாகிபு என்றால்தான் நமக்குத் தெரியும். மஸ்தான் என்பது போதையுற்றவரைக் குறிக்கும் பாரசீகச் சொல், இறையன்பே அப்போதை. தாயுமானவரைப் போலவே இவரும் பராபரக்கண்ணி பாடினார். இறைவனைத் தாயாகவும் காதலியாகவும் விளித்து, தம் தவிப்பை ஒளிக்காமல் கொட்டினார். இந்துப் புலவர்களும் அவர்மீது பாமாலை சூட்டினர். நம்பிக்கையுடையோன் கலங்கமாட்டான் என்போர் அவர் பாடல்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

மீண்டும் காட்டன்பேட்டைக்கு வருவோம். பெங்களூரில் திகளர் எனப்படும் தோட்டக்காரச் சமூகத்தார் தமிழகத்தினின்று முன்னாளில் குடியேறியோர் எனக் கருதப்படுவர். 1809-இல் தண்டு அமைந்தபின் சிப்பாய்களாகவும் வணிகராகவும் கூலியாளராகவும் வந்த தமிழர்க்கு இவர்கள் மூத்தோர். தருமராய சுவாமி கோயிலில் இவர்கள் எடுக்கும் கரகம், சித்திரை முழுமதி இரவில் நகர்வலம் வருங்கால் தவக்குல் மஸ்தானின் தர்காவுக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். கரகத்தின்போது காயமுற்ற மஸ்தானுக்குக் கோயிலார் மஞ்சளிட்டு ஆற்றினர் என்றும், அவர் வேண்டுகோளின்படியே கரகம் அங்கு வருகிறது என்றும் மக்கள் காரணம் கூறுகின்றனர். 2022-இல் இவ்வழக்கை நிறுத்தவேண்டுமெனச் சிலர் குரலெழுப்பினர். தர்காவைச் சேர்ந்தோர் கோயிலுக்குச் சென்று முறைப்படி அழைப்பு விடுத்தனர். அவ்வாண்டு ஏப்ரலிலும் மல்லிகைப் பூங்கரகம் வாளேந்திய வீரகுமாரர் சூழக் காட்டன்பேட்டைக்கு வந்து, தர்காவில் நின்று, பின்னரே கோயில் திரும்பிற்று.