குடலால் அமைக்கும் உணவுக்குழல்

புற்றுநோயாலோ, காரத் திரவத்தை விழுங்கி வெந்து சுருங்கியதாலோ, பிறவிக் குறையாலோ உணவுக்குழல் பயனற்றுப் போகுமிடத்து, நோயாளியின் குடலிலிருந்தே ஒரு துண்டை அதன் இரத்தநாளங்களோடு விடுவித்து மேலே கொணர்ந்து, தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே பாதையாகப் பொருத்துவது இந்த ரண சிகிச்சை. குடலுக்கு நீளத்தில் குறைவில்லை. அதற்கு ஜீவனளிக்கும் நாளங்களோ குட்டையானவை. ஆதலால் இதன் சரித்திரம் முழுவதும் அந்நாளங்களைச் சுற்றியே நடந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கி நோயாளி மாள்வதே பெரும்பாலும் நேர்ந்தமையின், மார்பெலும்புக்கு முன்னே தோலுக்கடியில் புதுக்குழலைச் செலுத்துவதே வைத்தியர் கண்ட உபாயம். முதலில் தோலையே குழாயாகச் சுருட்டிப் பார்த்தனர். பின்னர் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்து சேசர் ரூ, காரத்தால் வெந்து உணவுக்குழல் அடைபட்ட ஒரு சிறுவனுக்குச் சிறுகுடலின் ஜெஜுனப் பகுதியை அவ்வாறு மேலேற்றி, அம்முறையை 1907-இல் வெளியிட்டார். விசிறிபோல் விரிந்த நாளங்களுட் சிலவற்றை அறுத்தாலன்றிக் குடல் நிமிராது. அளவுமீறி அறுத்தாலோ மேல்நுனி கறுத்து அழுகும். இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள சிறு இடைவெளியில்தான் வைத்தியரின் கைத்திறம் அத்தனையும் சோதிக்கப்பட்டது. ரூவிடம் பயின்றவரும், எழுத்தாளர் அலெக்ஸாந்தர் கெர்ட்சனின் பேரருமான பியோத்தர் கெர்ட்சன் இவ்வித்தையை மாஸ்கோவில் செப்பனிட்டார். அந்நகரிலேயே ஸெர்கேய் யூதின் 80 நோயாளிகளின் விவரத்தை 1944-இல் வெளியிட்டார்.

பெருங்குடலை 1911-இல் கெல்லிங், வுல்லியே என்னும் இருவர் தனித்தனியே கையாண்டனர். அதன் ஓரத்தை ஒட்டி ஓடும் தமனியால், ஒரே ஒரு கிளை நாளம் எஞ்சினும் நெடிய துண்டு பிழைக்கும். எனினும் 1950-களிலும் அடுத்த பத்தாண்டுகளிலுமே, குழந்தைகளுக்கு லண்டனில் வாட்டர்ஸ்டனும், பிரிஸ்டலில் பெல்சியும் செய்த பணியால் இம்முறை நிலைபெற்றது. மூன்று இடங்களில் தைக்க வேண்டியிருப்பதால், ஒரே தையலோடு இரைப்பையை மேலிழுக்கும் முறையையே இன்று பெரியோர்க்கு முதலில் நாடுகின்றனர்.

நாளங்களின் தளையை அடியோடு அறுக்கும் துணிவு 1959-இல் அமெரிக்காவில் ஸைடன்பர்கிடம் பிறந்தது. ஜெஜுனத் துண்டை வயிற்றிலிருந்து முற்றிலும் பிரித்து, அதன் நாளங்களைக் கழுத்து நாளங்களோடு அவர் தைத்தார். நோயாளி சில நாட்களில் இறந்துபோயினும், பொருத்திய குடல் கெடாதிருந்தது. இவ்வாறு கழுத்தில் குடியேறும் குடல், விழுங்கும் நேரமென்றும் விழுங்காத நேரமென்றும் பேதம் பாராமல், வயிற்றிலிருந்த பழக்கப்படியே நெளிந்துகொண்டும் சளியைச் சுரந்துகொண்டும் இருக்கிறது.