குடிசனமதிப்பில் திருகோணமலை

வரலாறு கற்போர் கல்வெட்டுகளைச் சான்றாகக் கொள்வதுபோல அரசாங்கப் புள்ளிவிபரங்களையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். ஒரு நாட்டின் பகுதிகளுக்கிடையே காணப்படும் வேற்றுமைகளை அவை சுருங்கக் கூறுவன. ஆயினும், கல்வெட்டைப் படிப்பதற்கு எழுத்தறிவு வேண்டியதுபோல எண்களைப் படிப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். எவ்வாண்டில் எண்ணினர், எவ்வெல்லைக்குள் எண்ணினர், எண்ணாது விட்டவை யாவை என்னும் மூன்று வினாக்களை எழுப்பாதார்க்கு எண்கள் உண்மை கூறா. நமது மாவட்டமே இதற்குத் தக்க சான்றாகும்.

இலங்கைத்தீவு முழுமைக்குமான முதற் குடிசனமதிப்பு 1871 இல் நடைபெற்றது. 1921 இல் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 34,112. போரினாற் பிற்போடப்பட்டு 1946 இல் நடைபெற்ற மதிப்பில் அது 75,926 ஆயிற்று. இக்கால் நூற்றாண்டில் தீவின் சனத்தொகை ஒன்றரை மடங்களவே ஆயிற்று. நமது மாவட்டத்தினதோ இருமடங்கையும் கடந்தது. இஃது இயற்கைப் பெருக்கம் மட்டுமன்று. பிரித்தானியக் கடற்படைத் தளம் விரிவடைந்தது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும் விமானத்தளமும் எழுந்தன. தொழில் நாடிப் பலர் வந்தனர். போர் ஓய்ந்தபின் 1953 வரை தீவு நூற்றுக்கு 22 வீதம் வளர, மாவட்டம் 11 வீதமும் வளரவில்லை.

1963 இல் மாவட்டச் சனத்தொகை 138,553 ஆயிற்று. பத்தாண்டில் 65 வீத வளர்ச்சி. தீவின் வளர்ச்சியோ 31 வீதம். கந்தளாய், அல்லை முதலிய இடங்களில் அரசாங்கம் நடத்திய குடியேற்றத் திட்டங்கள் இதற்குப் பெருங் காரணமாயின. மாவட்டத்தின் இன விகிதமும் அவற்றால் மாறிற்று. அதே பத்தாண்டில், 1957 இல், கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட, அதனை நம்பியிருந்த நகரின் தொழில் குன்றியது. பெருகிய நாட்டுப்புறமும் தளர்ந்த நகரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டன. பாலையூற்றுக் கூலித்தொழிலாளியின் நிலை வேறு, கந்தளாய்க் குடியேற்றவாசியின் நிலை வேறு என்பதை மாவட்டக் கணக்கு நமக்குக் காட்டாது.

இனி எல்லையை நோக்குவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில், தலைக்குரிய உற்பத்தி ஒன்றியச் சராசரியின் 75 வீதத்திற்குக் குறைந்த பிரதேசங்களுக்கே பேருதவி கிடைக்கும். அயர்லாந்தின் சராசரி அவ்வரம்பைக் கடந்துவிடவே, அந்நாடு 1999 இல் இரு பிரதேசங்களாக வகுக்கப்பட்டது. வறிய மேற்கும் எல்லைப்புறமும் உதவியை இழக்காமல் தப்பின. மக்கள் இருந்தவாறே இருந்தனர். கோடு மாறியது, எண்ணும் மாறியது. நம் நாட்டிலும் இத்தகைய நிலை உண்டு. 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தனர். 2012 இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரே இருந்தனர். இரண்டரை இலட்சம் குறைந்ததென முடிவு செய்தல் தவறாகும். 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. அப்பகுதியை நீக்கிக் கணித்தால் குறைவு ஒன்றரை இலட்சமளவேயாம். அதுவும் சிறிதன்று, எனினும் துயரத்தையும் அளவறிந்தே கூறுதல் வரலாற்று ஆசிரியன் கடன்.

எண்ணாது விட்ட ஆண்டுகளே யாவற்றினும் பெரிய குறை. 1991 இல் குடிசனமதிப்பு நடைபெறவில்லை. 2001 இல் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே அது நிறைவுற்றது. திருகோணமலை அவற்றுள் ஒன்றன்று. 1981 இல் 255,948 என்றும் 2012 இல் 379,541 என்றும் இரு எண்கள் நம்மிடம் உள. இடையே முப்பத்தோராண்டுகள், போரும் இடப்பெயர்வும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் அவ்விடைவெளியிலேயே நிகழ்ந்தன. எத்தனை ஊர்கள் வெறுமையாகி மீண்டும் நிறைந்தன என்பதை இவ்விரண்டு எண்களும் கூறமாட்டா.

அவ்விடைவெளியை நிரப்பும் பணி ஊரவர்க்கே உரியது. பாடசாலைகளின் சேர்வு இடாப்புகள், கோயிற் கணக்கேடுகள், விவாகப் பதிவுகள் என்பன எஞ்சியுள்ள இடங்களில், ஓர் ஊரில் ஓர் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வந்தனர், எத்தனை பேர் இடையில் நின்றனர் என்பதை அறியலாம். வரலாறு பயிலும் நம் மாணாக்கர் அவை செல்லரிக்குமுன் படியெடுத்து வைப்பாராயின், பிற்காலத்தார் நம் மாவட்டத்தைப் பற்றிப் பேசும்பொழுது ஊகத்தை விடுத்துச் சான்றோடு பேசுவர்.