வெள்ளி மலையும் பர்மா வழியும்: அந்தமான் தேடல்களில் கனவின் இடம்

அந்தமான் தீவுகளைப் பற்றி அயலார் எழுதிவைத்த பழைய குறிப்புகளுள் ஒன்று கி.பி. 851-இல் தொகுக்கப்பட்ட அரபு வணிகர் பயணநூலில் உள்ளது. தீவுவாசிகளை மனிதரைத் தின்போர் என்று சொல்லி அச்சுறுத்தும் அந்நூல், அடுத்தே, கப்பல்வழிக்கு விலகி நிற்கும் ஒரு வெள்ளி மலையைப் பற்றிப் பேசுகிறது. அங்கே கரையேறி நெருப்பு மூட்டிய மாலுமிகள் வெள்ளி உருகி வழியக் கண்டு, இயன்ற மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள் என்றும், கடல் கொந்தளித்தபோது அனைத்தையும் வீசியெறிந்தார்கள் என்றும், பின்னர் தேடிச் சென்ற எவர் கண்ணிலும் அம்மலை படவில்லை என்றும் அது கூறும். 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் வணிகர் நிக்கோலோ கோன்ட்டி, தீவின் பெயருக்கே பொன்தீவு என்று பொருள் சொன்னார். 1727-இல் வெளிவந்த அலெக்சாண்டர் ஹாமில்டனின் நூலில் பொன்னின் இடத்தைப் பாதரசம் பிடித்துக்கொண்டது.

1858 மார்ச்சில் மருத்துவர் ஜே. பி. வாக்கர், 200 கைதிகளுடன் செமிராமிஸ் கப்பலில் போர்ட் பிளேர் வந்து, 1857 எழுச்சியில் தண்டிக்கப்பட்டோருக்கான குடியிருப்பைத் தொடங்கியபின் தேடலின் திசை தலைகீழானது. இப்போது தேடப்பட்டது செல்வமன்று, வெளியேறும் வழி. காடு நிலவழியாகவே பர்மாவைத் தொடுகிறது என்றும், சில நாள் நடந்தால் அங்கே ஓர் அரசனின் படையில் சேர்ந்துவிடலாம் என்றும் கைதிகளிடையே நம்பிக்கை பரவியது. கடல் கடந்து வந்தவர்கள் கடலையே மறந்து நம்பினார்கள் என்பது வியப்புதான். ஆயினும் நாடு கடத்தப்பட்டவனுக்குத் தீவு என்ற சொல்லே தாங்க முடியாததாக இருந்திருக்கும். ஏப்ரலில் கூட்டமாகத் தப்பியோரில் 14-ஆம் ரெஜிமென்ட் சிப்பாய் தூத்நாத் திவாரியும் ஒருவர். பசியிலும் தாகத்திலும் அலைந்த அக்கூட்டத்தில் பலர் அந்தமானியரின் அம்புகளுக்கு இரையாயினர். காயத்துடன் உயிர் தப்பிய திவாரி ஓராண்டுக்கு மேல் அந்தமானியரோடு வாழ்ந்து, 1859-இல் திரும்பிவந்து, போர்ட் பிளேரின் அபர்தீன் பகுதி மீது அவர்கள் நடத்தவிருந்த தாக்குதலை முன்கூட்டியே ஆங்கிலேயருக்குத் தெரிவித்தார். தப்பியோடிப் பிடிபட்ட கைதிகளில் 80-க்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். மேலிட அரசே ஏற்காத அச்செயலைப் பகுத்தறிவின் பக்கத்தில் வைப்பதும் எளிதன்று.

கைதிகள் தேடிய வழி முற்றிலும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. பர்மாவின் அரக்கான் மலைத்தொடரே கடலுக்குள் இறங்கித் தெற்கே நீண்டு, அதன் முகடுகள் நீர்மட்டத்துக்கு மேல் எழுந்த இடங்களில் அந்தமான் தீவுகளாக நிற்கிறது என்பது புவியியலார் கருத்து. வழி இருந்தது, ஆனால் கடலுக்கடியில்.

இத்தேடல்களை வெறும் மயக்கம் என்று ஒதுக்கிய காலனியப் பார்வை, கனவை நம்பும் அந்தமானியரையும் அதே தட்டில் வைத்தது. 1906 முதல் 1908 வரை அங்கே கள ஆய்வு செய்து 1922-இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் காட்டும் படம் வேறு. ஆவிகளோடு தொடர்புள்ளவராகவும் நோய் தீர்ப்பவராகவும் மதிக்கப்பட்ட மனிதரை அம்மக்கள் 'ஓக்கோ-ஜுமு' என்றனர். கனவு காண்பவர் என்பது அதன் பொருள். அங்கே கனவுக்கு உரியவர் யார், அதன்படி செய்யத்தக்கது எது என்பவற்றுக்கு வரையறை இருந்தது: தீய கனவு கண்டவன் அதன் வேகம் தணியும்வரை குடியிருப்பை விட்டு வெளியே காலடி வைத்ததில்லை.