காகிதத்தில் பதிந்த கோயில்கள்

சென்னை மாகாண அரசு 1856-இல் தன் ஒளிப்படக் கலைஞராக நியமித்த படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தபோது, மெழுகூட்டிய காகித நெகட்டிவ்களை, அதாவது ஒளியும் நிழலும் இடம் மாறிப் பதியும் மூலப்படிவங்களை, பெரிதும் பயன்படுத்தினார். இம்முறையில் காகிதத்தின் மீது ஒளி நெடுநேரம் விழ வேண்டியிருந்ததால், அசையாத கோபுரமும் மண்டபமும் தெளிவாகப் பதிந்தன. நடமாடும் அடியார் கூட்டமோ திருவீதி உலாவோ அவ்வாறு பதிய வழியில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியோடும் சோழர் காலக் கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுப்படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக்கியது, வழிபாட்டிடத்தின் அழகைக் காட்டும் ஒளிப்படம் கல்வெட்டாய்வுக்குரிய ஆவணமாகவும் அமையக்கூடும் என்பதை உணர்த்தியது. ஆயினும் 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இப்பணியைச் செலவு மிக்கதெனக் கருதி நிறுத்திவிட்டார்.