கூண்டு வைக்கலாமா? பென்னாகரம் காட்டோரத்தில் ஒரு பழைய கேள்வி

போன வருஷம் பென்னாகரம் பக்கம் எங்க பெரியப்பா கொட்டாய்க்குப் போயிருந்தேன். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், கொட்டாய் என்றால் எங்க ஊர்ப் பேச்சில் சினிமாக் கொட்டாய் இல்லை. ஊரை விட்டுத் தள்ளி, அவரவர் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு நாலைந்து குடும்பம் இருக்கிற இடம். நான் போனதுக்கு முந்தின ராத்திரி பட்டியில் இருந்து இரண்டு ஆட்டைச் சிறுத்தை அடித்துவிட்டது. ஒன்று சினை ஆடு.

"கூண்டு வெக்கச் சொல்லி எழுதிக் குடுக்கலாம்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. நீ படிச்சவன், என்னப்பா சொல்றே?" என்று பெரியப்பா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு தேடித்தேடிப் படித்ததுதான் இந்த எபிசோட்.

தருமபுரியில் இந்தக் கேள்விக்கு வயசு அதிகம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். பழைய தகடூர் நாடு முழுக்க நடுகல் பூமி. பெரும்பாலானவை தொறு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு, அதாவது மாட்டு மந்தையைக் கொள்ளைக்காரர்களிடம் இருந்து காக்கச் செத்தவர்களுக்கு எடுத்தவை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புலிகுத்திக் கல்லும் உண்டு. ஒரு ஆள் குத்துவாளோ ஈட்டியோ வைத்துப் பாய்கிற புலியைக் குத்திக்கொண்டு நிற்பான். அவன் பெரும்பாலும் வேட்டைக்குப் போனவன் இல்லை, மாட்டையும் ஊரையும் காக்க நின்றவன். புலியைச் சந்திப்பது தினசரி வாழ்க்கையில் ஒரு ஆபத்தாக இருந்தது. மோதலில் ஒருவன் செத்தால் அவனுக்குக் கல் நட்டார்கள். நாட்டில் இருக்கிற புலியை எல்லாம் ஒழித்துவிடலாம் என்ற யோசனை அந்தக் கல்லில் கிடையாது.

அந்த யோசனை கம்பெனியோடு வந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடம் இருந்து பாரமகால் கைமாறியது. நிலத்தை அளந்து வரி போட அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்தார்கள். வரி வேண்டுமென்றால் காடு உழவு நிலமாக வேண்டும். அதற்கு இடைஞ்சலான மிருகம் எல்லாம் அரசாங்கத்தின் பார்வையில் 'கொடிய விலங்கு'. பிரிட்டிஷ் இந்தியாவில் தோலையோ தலையையோ கொண்டுபோய்க் காட்டினால் வெகுமதிப் பணம் கிடைத்தது. வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் அந்தப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார். 1875 முதல் 1925 வரை, ஐம்பதே வருஷத்தில், 80,000-க்கு மேல் புலி, ஒன்றரை லட்சத்துக்கு மேல் சிறுத்தை, இரண்டு லட்சத்துக்கு மேல் ஓநாய். வெகுமதிக்கு வந்த கணக்கு மட்டும் இது. காட்டில் விழுந்து அழுகினது இதில் சேராது.

அடுத்து வருகிறவர் கென்னத் ஆண்டர்சன். எங்க பக்கத்தில் இவரைப் பற்றிப் பேசாமல் புலியைப் பற்றிப் பேச முடியாது. பெங்களூர்க்காரர், 1910-இல் பிறந்து 1974-இல் இறந்தவர். அப்போது தருமபுரி தனி மாவட்டம் இல்லை. சேலம் மாவட்டத்தில் இருந்து 1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான் பிரிந்தது. அதனால் அவர் புத்தகங்களில் 'சேலம் மாவட்டக் காடு' என்று வருவதில் பெரும்பகுதி நம்ம பென்னாகரம், ஒகேனக்கல், முத்தூர், அஞ்செட்டி, ஜவளகிரிதான். சின்னாற்றங்கரையில் திரிந்த பைரா என்கிற பழங்குடி மனிதரிடம் காட்டைக் கற்றுக்கொண்டதாக எழுதுகிறார்.

ஆண்டர்சனைப் பலரும் சாகசத்துக்காகப் படிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். கொஞ்சம் உப்பு மிளகு தூவி எழுதுகிற ஆள் என்பதும் தெரிந்ததுதான். இந்த முறை வேறொரு விஷயத்துக்காகப் படித்தேன்: ஆளைத் தின்ன ஆரம்பித்தது ஏன்? 1954-இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் ஜவளகிரிப் பெண்புலியின் கதை இருக்கிறது. ஒரு வேட்டைக்காரர் அவசரத்தில் சுட்டார், குண்டு உயிரை எடுக்கவில்லை, முன்னங்காலை முடமாக்கியது. அதன் பிறகுதான் அது ஆட்கொல்லி ஆகிறது. அதே புத்தகத்தில் கும்மளாபுரம் சிறுத்தை வருகிறது. தளி பக்கம் இருக்கிற ஊர் அது. அவர் கணக்குப்படி அந்தச் சிறுத்தை 42 பேரைக் கொன்றது. கடைசியில் சுட்டு வீழ்த்திப் பார்த்தால், காலில் முள்ளம்பன்றி முள் ஏறி ஒடிந்து புண்ணாகி இருந்தது. ஓடி இரையைப் பிடிக்க முடியாத மிருகம். முதல் கதையில் காயம் மனுஷன் கொடுத்தது, இரண்டாவதில் காடு கொடுத்தது. சும்மா ஊர்ப்பக்கம் நடமாடுகிற மிருகத்துக்கும் ஆட்கொல்லிக்கும் உள்ள தூரத்தைத் துப்பாக்கிக்காரரே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை முடிந்தது. துப்பாக்கி போன இடத்தில் கூண்டு வந்தது. கொல்லவும் கூடாது, ஊரோரம் இருக்கவும் கூடாது என்றால், பிடித்து வேறு காட்டில் விடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெரியப்பா ஊர்க்காரர்கள் கேட்டதும் அதைத்தான்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் வனக்கோட்டம். பரப்பளவில் ஏறத்தாழ நம்ம தருமபுரி மாவட்டம் அளவுதான். கரும்புக்காட்டில் சிறுத்தைகள் இருந்தன. 1993 முதல் 2001 வரை மனிதர்மேல் நடந்த தாக்குதல் வருஷத்துக்குச் சராசரியாக 4. அப்புறம் பெரிய அளவில் பிடித்துப் பிடித்துப் பக்கத்துக் காடுகளில் விட்டார்கள். சராசரி 17 ஆனது. உயிர்போன தாக்குதல்களின் விகிதம் 18-இல் இருந்து 36 சதவீதத்துக்கு ஏறியது. வித்யா ஆத்ரேயாவும் அவரோடு வேலை செய்தவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இது. பிடிக்காமல் இருந்த காலத்தைவிடப் பிடித்த காலத்தில் ஆபத்து அதிகம்!

ஏன் இப்படி? சிறுத்தைக்குத் தன் எல்லை என்று ஒன்று உண்டு. எந்த வீட்டில் நாய் கட்டியிருக்கும், எத்தனை மணிக்கு ஆள் நடமாட்டம் அடங்கும் எல்லாம் அதற்கு அத்துப்படி. அதைத் தூக்கித் தெரியாத இடத்தில் விட்டால், அங்கே ஏற்கெனவே ஒரு சிறுத்தை இருக்கும். இது திரும்பி நடக்கும். கூண்டில் மோதிப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொண்ட, மிரண்ட மிருகம் புது ஊர்கள் வழியாக நடக்கும். ஆஜோபா என்று பெயர் வைத்த ஒரு கிழட்டுச் சிறுத்தையைக் கிணற்றில் இருந்து எடுத்து, கழுத்தில் கருவி மாட்டி 2009-இல் மால்சேஜ் மலைப்பக்கம் விட்டார்கள். அது சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பை ஓரத்துக்கே போய்விட்டது, வழியில் யாரையும் தொடாமல். இதற்கிடையில் காலியான எல்லைக்கு வேறொன்று வந்து உட்காரும், பல நேரம் அனுபவமில்லாத இளசு.

அதே ஆத்ரேயா குழு அகோலே என்ற இடத்தில் கேமரா வைத்துப் பார்த்தது. காடே இல்லை, எல்லாம் வயல். சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அங்கே 100 சதுர கிலோமீட்டருக்கு ஐந்து சிறுத்தை அளவுக்கு இருந்தது. ஆய்வு நடந்த காலத்தில் அங்கே ஆட்களைக் கொன்றதாக ஒரு சம்பவமும் இல்லை. அவை தின்றதில் எடைக் கணக்கில் 39 சதவீதம் நாய். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 335. அகோலேக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நமக்காவது பக்கத்தில் காடு இருக்கிறது. 2024-இல் வெளியான கணக்குப்படி தமிழ்நாட்டில் சிறுத்தை 1,070.

இதையெல்லாம் படித்ததும் எனக்கு உற்சாகம்தான். ஆனால் ஒரு விஷயம் நெருடியது. 'சேர்ந்து வாழலாம்' என்று சொல்வது, ஆடு வைத்திருக்காதவனுக்கு ரொம்பச் சுலபம். அகோலேயில் யாரும் சாகவில்லை, சரி. ஆடு செத்திருக்கிறது. காட்டோரக் குடும்பத்துக்கு ஆடுதான் பேங்க். பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் ஒன்றை விற்பார்கள்.

எங்க பக்கம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. மாட்டுப் பட்டி. ஆலம்பாடி மாடுகளைக் காட்டுக்குள்ளேயே மாசக்கணக்கில் வைத்து மேய்ப்பார்கள். சுற்றிலும் முள்ளை ஆள் உயரத்துக்கு அடைத்து, ராத்திரி நெருப்பு போட்டு, நாயோடு படுத்துக்கிடப்பார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு போகும். அதைக் காட்டுக்குக் கட்டுகிற வாடகை மாதிரி எடுத்துக்கொள்வார்களாம், எங்க தாத்தா சொல்வது.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டது, அதே மாசத்தில் அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்று திருத்தியது. அந்த நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி காட்டில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. காட்டுக்கு அது நல்ல செய்தி, கர்நாடகக் காவிரிக் காட்டோடு தொடர்பு உறுதியாகிறது. மாடு அதிகமானால் மானுக்குப் புல் இல்லை, நோயும் பரவும் என்பதும் உண்மை. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை ஒரு சமூக உரிமை என்று சொல்வதும் அதே அளவு உண்மை. என் கருத்தைக் கேட்டால், பட்டிக்காரர்களை உட்கார வைத்துப் பேசாமல் இதை முடித்தது தப்பு. மாடு வெளியே வந்ததோடு, சிறுத்தை இருக்கிற காட்டில் ராத்திரி எப்படித் தூங்குவது என்று தெரிந்த ஆட்களும் வெளியே வந்துவிட்டார்கள். அடுத்த தலைமுறை ஆட்டை வெறும் கம்பி வலைக்குள், மேலே திறந்தபடி விட்டுவிட்டு வந்து படுக்கிறது. பெரியப்பா வீட்டுப் பட்டியும் அப்படித்தான் இருந்தது.

பெரியப்பாவுக்கு போன் போட்டு ஜுன்னர் கதையைச் சொன்னேன். கூண்டு வேண்டாம், பட்டிக்கு மேலேயும் மூடி, கதவைத் தாழ் போடுங்க, கோழிக்கழிவைக் கொட்டாய் ஓரம் கொட்டாதீங்க, அதுக்கு நாய் சேரும், நாய்க்குத்தான் அது வருது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"மேல மூடறதுக்குத் தகரத்துக்கும் கம்பிக்கும் யாருப்பா காசு குடுப்பாங்க?" என்றார்.

இழப்பீட்டு மனு எழுத நான் போனேன். ஆட்டுக்கு மனு கொடுக்க வழி இருந்தது, தகரத்துக்குக் கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை. கடைசியில் அக்கா மகனும் நானும் பாதிப்பாதி போட்டு மூடினோம். பக்கத்துக் கொட்டாய் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. அடுத்த எபிசோடில் ஆலம்பாடி மாட்டைப் பற்றிப் பேசலாம்.