சாரத்துளைகள் கூறும் வரலாறு
வேல்ஸ் நாட்டுக் கோட்டைகளும் சவோய்க் கொத்தர்களும்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையிலே பாறையொன்றின் உச்சியில் ஹார்லெக் கோட்டை நிற்கின்றது. அதன் வட்டக் கோபுரங்களை உற்று நோக்குவோர், கற்களுக்கிடையே சிறு சதுரத் துளைகள் பல வரிசையாக அமைந்திருத்தலைக் காண்பர். அம்பெய்வதற்கு அமைத்த துளைகளாக அவற்றைக் கொள்ளுதல் இயலாது. ஒளி புகுதற்கும் அவை உதவா. சாதாரணமாக இத்தகைய துளைகள் ஒரே மட்டத்தில் கிடையாக அமைவதே வழக்கம். ஹார்லெக்கிலோ அவை சாய்ந்து, கோபுரத்தைச் சுற்றிக் கொடி படர்ந்தாற்போல மேலேறிச் செல்கின்றன. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாகக் கண்ணுக்குத் தெரிந்தும் கருத்திற்கு எட்டாதிருந்த இத்துளை வரிசை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரலாற்றுச் சான்றாக உயர்ந்தது. அச்சான்று எதனை நிறுவுகின்றது, எதனை நிறுவவில்லை என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இத்துளைகளின் தன்மையை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். சுவர் ஆளுயரத்தைக் கடந்ததும் கொத்தன் நின்று வேலை செய்வதற்கு மேடை தேவைப்படுகின்றது. தமிழகத்தில் இதனைச் சாரம் என்பர். ஈழத்தில் அச்சொல் உடுக்கும் துணியையே முதலில் நினைவூட்டுமாதலின் சாரக்கட்டு என்பதே பொருத்தமானது. மத்திய கால ஐரோப்பாவில் இச்சாரக்கட்டு இருவகையாக அமைந்தது. ஒருவகையில், சுவரிலிருந்து சிறிது தள்ளி நிலைமரங்கள் ஒரே வரிசையில் நாட்டப்பட்டன. அவற்றோடு நெடுக்குமரங்கள் கயிற்றினால் பிணைக்கப்பட்டன. குறுக்குமரங்களின் ஒருமுனை நெடுக்குமரத்தின் மீதும் மறுமுனை சுவரிலே விடப்பட்ட துளைக்குள்ளும் தங்கின. அவற்றின்மேற் பலகை பரப்பப்பட்டது. சுவரே சாரக்கட்டின் ஒரு காலாக நின்றமையால் மரச்செலவு ஏறக்குறைய அரைவாசியாயிற்று.

மற்றைய வகையில் நிலைமரங்களே இல்லை. குறுக்குமரம் சுவரினுள் ஆழச் செலுத்தப்பட்டு, அதன் மீது கல்வரிசைகள் அடுக்கப்பட்டன. வெளியே நீட்டிநிற்கும் முனையில் ஆளும் கல்லும் சாந்தும் ஏறும்போது, உள்முனை மேலெழ முயலும். அதனை மேலெழவிடாது அமுக்கி வைத்திருப்பது மேலுள்ள கட்டுமானத்தின் பாரமே. எனவே மரத்தைப் பதித்தவுடன் அதன்மேற் பாரம் ஏற்றலாகாது. சுண்ணாம்புச் சாந்து மெதுவாகவே இறுகும் இயல்பினது. அது இறுகுமுன் பாரம் ஏற்றப்படின் உள்முனை மேலுள்ள கல்லைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பும். உயர்ந்த கோபுரங்களைப் பொறுத்தவரை இவ்வகையே இலாபகரமானது. நூறடி உயர நிலைமரங்களைத் தேடவேண்டிய தேவை இல்லை. ஆயின் கொத்தனின் உயிர், தன் கையால் முன்னர் அடுக்கிய கல்லின் பிடியிலேயே தங்கியிருந்தது.

இப்பிடி தவறினால் நேர்வது யாது என்பதற்குக் கன்ரபரித் தேவாலயம் சான்று பகரும். 1174 ஆம் ஆண்டிலே தீக்கிரையான அத்தேவாலயத்தின் பாடற்பகுதியைப் புதுப்பிக்கப் பிரான்சிலிருந்து வந்த சான்ஸ் நகர வில்லியம் என்னும் தலைமைக் கொத்தன், 1178 இல் சாரக்கட்டிலிருந்து வீழ்ந்தான். அவன் காலடியில் மரங்கள் முறிந்தன என்றும், ஏறத்தாழ ஐம்பது அடி உயரத்திலிருந்து கல்லோடும் மரத்தோடும் அவன் வீழ்ந்தான் என்றும் அத்துறவிமடத்தைச் சேர்ந்த ஜெர்வேஸ் எழுதிவைத்துள்ளார். படுக்கையிற் கிடந்தவாறே சிறிது காலம் பணியை நடத்திய வில்லியம், பின்னர் தாய்நாடு திரும்பினான். தலைமைக் கொத்தனாயிருந்தமையாலேயே அவனது வீழ்ச்சி ஏட்டிலேறிற்று. பெயரற்ற கூலியாட்களின் வீழ்ச்சியை எழுதுவார் இலர்.

கட்டுமானம் முடிவுற்றதும் சாரக்கட்டு மேலிருந்து கீழாக அவிழ்க்கப்படும். மரங்கள் உருவப்பட்டு வேறிடத்தில் மீண்டும் பயன்படும். துளைகள் கல்லாலோ சாந்தாலோ அடைக்கப்படும். அல்லது சுவர் முழுவதும் பூசப்படும் காரை அவற்றை மறைத்துவிடும். காலப்போக்கிற் காரை உதிர்ந்து, அடைப்பு வீழ்ந்தபின் துளைகள் மீண்டும் வெளிப்படுகின்றன. அடுத்தடுத்த இரு துளை வரிசைகளின் இடைவெளி, ஒருவன் ஒரு மேடையில் நின்று எத்துணை உயரம் கட்டினான் என்பதைக் காட்டும். சில கட்டடங்களில் உருவ இயலாத மரம் அறுக்கப்பட்டு உள்ளேயே விடப்பட்டதுண்டு. அத்தகைய மரத்துண்டின் ஆண்டுவளையங்களைக் கொண்டு சுவரின் காலத்தைக் கணிக்கும் முறையும் இக்காலத்தில் வளர்ந்துள்ளது.

இனி ஹார்லெக்கின் வரலாற்றை நோக்கலாம். இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேட் 1277 இலும் 1282 - 83 இலும் வேல்ஸ் மீது படையெடுத்தான். வேல்ஸ் இளவரசன் லுவெலின் 1282 டிசெம்பரிற் கொல்லப்பட்டான். அவன் தம்பி டாவித் அடுத்த ஆண்டிலே கொடிய முறையில் தண்டிக்கப்பட்டு மாண்டான். வென்ற நாட்டைப் பிடித்து வைத்திருத்தற்பொருட்டு 1283 இல் கொன்வி, ஹார்லெக், கார்னர்வன் ஆகிய கோட்டைகள் ஒருங்கே தொடங்கப்பட்டன. 1294 இல் மடொக் என்பானின் தலைமையிலெழுந்த கிளர்ச்சியின் பின்னர், 1295 இல் ஆங்கிள்சீத் தீவிலே போமாரிஸ் கோட்டைக்கு அடிக்கல் இடப்பட்டது. இக்கோட்டைகளின் அழகையும் ஆற்றலையும் வியப்போர் பலர். அவை ஒரு மக்கட் கூட்டத்தை அடக்கி வைத்தற்கெழுந்த சுவர்கள் என்பது அவ்வியப்பினிடையே மறக்கப்படுதலும் உண்டு.

இப்பணிகளுக்கான அரச கணக்குகளிலே, சென் ஜோர்ஜ் நகர ஜேம்ஸ் என்னும் பெயர் 1278 முதற் காணப்படுகின்றது. 1284 இல் இவனுக்கு நாளொன்றுக்கு மூன்று சிலிங் வீதம் வாழ்நாள் முழுவதும் வழங்க மன்னன் ஆணையிட்டான். சாதாரணக் கூலியாள் ஒருவன் நாளொன்றுக்கு இரண்டு பென்ஸ் அளவிற் பெற்ற காலத்தில் இவன் பெற்றது முப்பத்தாறு பென்ஸ். 1290 முதல் 1293 வரை ஹார்லெக் கோட்டையின் காவலதிகாரியாகவும் இவன் விளங்கினான். ஆயின் இவன் எந்நாட்டவன் என்பது நெடுங்காலம் தெளிவுபெறவில்லை.

அத்தெளிவைத் தந்தவர் ஆனல்ட் ரெயிலர். 1950 இல் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரை, வேல்ஸ் ஜேம்சும் சவோய் நாட்டுக் கணக்கேடுகளிற் காணப்படும் ஜேம்ஸ் என்னும் கொத்தனும் ஒருவரே என நிறுவிற்று. இன்றைய பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, இத்தாலி ஆகிய மூன்று நாடுகளிலும் பரந்திருந்த சவோய் அரசின் கணக்கேடுகள் இத்தாலியின் தூரின் நகரிலே பேணப்பட்டுள்ளன. சவோய்ப் பிரபு பிலிப், லியோன் நகருக்கு அண்மையிலே சென் ஜோர்ஜ் டெஸ்பெராஞ்ச் என்னுமிடத்தில் அரண்மனைக் கோட்டையொன்றை எழுப்பினான். சிலுவைப் போரிலிருந்து நாடு திரும்பிய எட்வேட் 1273 இல் அவ்விடத்திலே தங்கினான். ஜேம்சின் பெயரிலுள்ள சென் ஜோர்ஜ் அவ்வூரே என்பது ரெயிலரின் முடிபு. எட்வேட்டின் தாய்வழிப் பாட்டி சவோய்க் குலத்தவள் என்பதும், வட வேல்ஸின் நீதியதிபதியாக நியமனம் பெற்ற கிரான்சன் நகர ஒத்தோ சவோய் ஆட்சிக்குட்பட்ட நிலத்தவன் என்பதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கன.

ஏட்டுச் சான்றோடு ரெயிலர் நின்றுவிடவில்லை. ரோன் நதியின் மேற்பள்ளத்தாக்கிலே, சாய்யோன், மார்த்தினி முதலான இடங்களிலுள்ள சவோய்க் கோபுரங்களை அவர் நேரிற் சென்று ஆராய்ந்தார். அங்கும் சாரத்துளைகள் சாய்ந்து சுற்றிச் செல்லுதலைக் கண்டார். அரைவட்ட வாயில் வளைவுகள், சாளர அளவுகள் ஆகியவற்றிலும் ஒப்புமை காணப்பட்டதெனினும், துளைகளே இவ்வாதத்தின் தனிச்சிறப்பான கூறு எனலாம். வளைவையும் சாளரத்தையும் கண்டு பிறரொருவர் பின்பற்றியிருக்கலாம். காரைக்குள் மறைந்துவிடும் துளையைப் பின்பற்றுதற்கு யாருக்கும் காரணம் இல்லை. இங்கிலாந்துக் கொத்தர் கிடையான சாரக்கட்டிற்கே பழகியவர். சாய்வான முறை அவர்க்குப் புதிது.

இவ்வாதத்தின் வன்மை பெரிது. ஆயினும் அதனை முற்றாக ஏற்பதன்முன் இரண்டு தடைகளை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, சாய்வுச் சாரக்கட்டு சவோய்க்கு மாத்திரம் உரியதன்று. வட பிரான்சிலுள்ள கூசிக் கோட்டையின் மாபெரும் வட்டக் கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூன்றாம் ஆங்கெரான் என்னும் பிரபுவினால் எழுப்பப்பட்டது. அதன் புறச்சுவரிலும் துளைகள் சுருளாக மேலேறின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞரான வியொலே லெ டியூக், தமது பிரெஞ்சுக் கட்டடக்கலை அகராதியில் இதனை விளக்கியுள்ளார். சுற்றிச் செல்லும் சாய்மேடை வழியே பொருள்கள் கோபுர உச்சிவரை கொண்டுசெல்லப்பட்டன என்பது அவர் கருத்து. 1917 இல் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் அக்கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். சுவர் அழிந்தமையால் அத்துளைகளுக்கு இன்று ஏடும் வரைபடமுமே சான்று. சவோய்க் கோபுரங்களுக்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே இம்முறை பிரான்சில் வழங்கிற்று என்பதற்கு இதுவே போதும்.

இரண்டாவது தடை இதனினும் முக்கியமானது. துளை எங்கே அமையவேண்டும் என்பதை முடிவுசெய்தவர் யார்? 2003 இல் நிக்கொலா கோல்ட்ஸ்ரீம் எழுதிய கட்டுரை, ஜேம்சை இக்காலப் பொருளில் கட்டடக் கலைஞனாகக் கொள்ளுதல் பொருந்துமா என வினவிற்று. ஆளையும் பொருளையும் பணத்தையும் ஒருங்கு திரட்டி நடத்திய மேற்பார்வையாளன் என்பதே அவனுக்குப் பொருத்தமான நிலை எனவும், கோட்டைகளின் வடிவமைப்பிலே பலருக்குப் பங்குண்டு எனவும் அவர் வாதிட்டார். இவ்வாதம் எழுந்தபின் ஆய்வாளர் இருபாலாகப் பிரிந்தனர்.

துளைகளை நுணுகி நோக்கின் இவ்விரு கட்சிகளும் தோன்றுமளவு முரண்பட்டனவல்ல என்பது புலனாகும். குறுக்குமரத்தை எவ்விடத்திற் பதிப்பது என்பது வரைபடத்தில் எழுதப்படும் விடயமன்று. அது சுவரின்மேல் நிற்கும் கொத்தனதும் தச்சனதும் கைப்பழக்கம். ஆசான் மாணாக்கனுக்குச் சொல்லாமலே சொல்லிக்கொடுப்பது. சவோய்த் துளைகள் ஹார்லெக்கில் இருக்கின்றனவெனின், சவோய்க் கைகள் அங்கு வேலை செய்தன என்பதே அவற்றிலிருந்து நேரே பெறப்படும் முடிபு. ஏடுகளும் இதனை ஆதரிக்கின்றன. கொன்விக் கணக்குகளில் ஜோன் பிரான்சிஸ் முதலான அயல்நாட்டுக் கொத்தர் பெயர்கள் காணப்படுகின்றன. ரெயிலரின் ஆய்வு ஒரு பெரும் கலைஞனைத் தேடிச் சென்றது. அது கண்டெடுத்ததோ ஒரு தொழிற்குழுவை. எனினும் சாய்மேடை முறை பாரந்தூக்கிகளின் தேவையையும் அவற்றால் வரும் தாமதத்தையும் குறைப்பது. பணி விரைவாக முடிதல் வேண்டும் என்ற மன்னனின் ஆணைக்கு விடைகூற வேண்டிய மேற்பார்வையாளன், அம்முறை அறிந்தோரை நாடி அழைத்திருத்தல் இயல்பே. அவ்வகையில் ஜேம்சின் பங்கும் துளைகளில் உண்டு. வடிவமைத்தவனாக அன்று, ஆள் திரட்டியவனாக.

திரட்டப்பட்டோர் அனைவரும் விரும்பி வந்தவரல்லர். இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்து அகழ்வோரும் தச்சரும் கொத்தரும் அரச ஆணையினால் அனுப்பப்பட்டனர். 1277 இல் பிளின்ற் கோட்டைக்கு நடத்திச்செல்லப்பட்ட அகழ்வோர் வழியில் ஓடிவிடாதவாறு குதிரைவீரர் காவலிருந்தனர் எனக் கணக்கேடு கூறும். காவலுக்கான கூலி எழுதப்பட்டமையாலேயே அச்செய்தி இன்று கிடைக்கின்றது.

போமாரிஸ் பற்றிய சான்று இன்னும் தெளிவானது. 1296 பெப்ரவரி 27 ஆம் நாள் ஜேம்சும் வின்செஸ்ரர் நகர வோல்ரரும் அரச திறைசேரிக்கு அனுப்பிய கடிதம் எஞ்சியுள்ளது. 400 கொத்தர், தேர்ச்சி குறைந்த 2,000 தொழிலாளர், 200 கல்லுடைப்போர், 30 கொல்லர், 100 வண்டிகள், 60 பாரவண்டிகள், கல்லும் நிலக்கரியும் ஏற்றிவரும் 30 படகுகள் என அக்கடிதம் கணக்கிடுகின்றது. வாரந்தோறும் 250 பவுண் தேவை என்றும் அது வற்புறுத்துகின்றது. தொழிலாளருக்குரிய கூலி நெடுநாள் நிலுவையில் உள்ளது. உண்ண வழியின்றியிருப்பதால் அவர்களை நிறுத்திவைத்தல் பெரும்பாடாக இருக்கின்றது என்பதும் அதிற் கூறப்பட்டுள்ளது. முதற் பருவத்தில் மாத்திரம் 6,000 பவுணுக்கு மேற் செலவாகியிருந்த வேளை அது.

மன்னனின் பணம் அதன்பின்னர் ஸ்கொத்லாந்துப் போருக்குத் திரும்பிற்று. போமாரிஸ் கோட்டை திட்டமிட்ட உயரத்தை ஒருபோதும் எட்டவில்லை. கோபுரங்களின் மேற்பகுதி கட்டப்படாமலே விடப்பட்டது. 1986 இல் ஹார்லெக், கொன்வி, கார்னர்வன் ஆகியவற்றோடு அதுவும் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. குறையாக நின்ற அதன் சுவர்களிலும் துளைகள் உள. அடுத்த மேடைக்குரிய மரத்தைப் பதிக்க அங்கு எவரும் திரும்பி வரவில்லை.