சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தொல்லியல் தொகுப்பு: பொருள்கள் வந்து சேர்ந்த வழிகள்

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தோற்றம் பெற்றபோது அதன் நோக்கம் தொல்லியல் அன்று. சென்னை இலக்கியச் சங்கம் வழங்கிய ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளே அதன் தொடக்க இருப்பு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் இயங்கிய அந்நிறுவனம், 1854 இறுதியில் எழும்பூர் பாந்தியன் வளாகத்திற்கு மாறியது. கனிமங்களுக்கென எழுந்த நிறுவனம் தென்னிந்தியத் தொல்பொருள்களின் பெருங்காப்பிடமாக வளர்ந்ததற்குத் திட்டமிட்ட கொள்கை காரணமன்று. பொருள்கள் வெவ்வேறு வழிகளில் வந்தன. வந்த வழியைப் பொறுத்தே அவற்றின் கண்டெடுப்புச் சூழல் எஞ்சியது அல்லது அழிந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அமராவதிச் சிற்பங்கள் மீட்புப் பொருள்களாக வந்தவை. வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்த கற்கள் சென்னையில் பல்லாண்டுகள் வெட்டவெளியில் கிடந்தன. அவற்றுள் பெரும்பகுதி 1859இல் இலண்டனுக்குக் கப்பலேறியது. பர்ஜெஸ் 1880களில் எடுத்தவை சென்னையிலேயே தங்கின. ஆயினும் அவை காட்சிக்கூடச் சுவரில் சிமெண்டினால் பதிக்கப்பட்டமை பாதுகாப்பு என்ற பெயரில் நேர்ந்த சேதமே. ஒரே தூபியின் கற்கள் இரு கண்டங்களில் பிரிந்து கிடப்பதால், அதன் அமைப்பை மீட்டுருவாக்கும் முயற்சி இன்றும் இரு தொகுப்புகளையும் சார்ந்தே நிற்கிறது.

செப்புத்திருமேனிகள் பலவற்றைக் கொணர்ந்தது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும். பொருளின் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றையே சட்டம் கேட்டது. ஆழத்தையோ உடன்கிடந்தவற்றையோ கேட்கவில்லை. அரசு அதனைக் கையகப்படுத்தினால் மூலப்பொருளின் மதிப்புடன் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வழங்கும். சோழர்காலத் திருமேனியும் சட்டத்தின் கண்ணில் முதலில் உலோகமே. கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் 1932இல் வெளியிட்ட உலோகப் படிமப் பட்டியல், இவ்வாறு வந்த பொருள்களுக்கு வடிவ அடிப்படையில் காலம் கணிக்க நேர்ந்ததன் பின்னணி இதுவே.

இவற்றினின்று வேறுபட்டது இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் தொகுப்பு. பரங்கிமலையை அடுத்த ஆதம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று அவர் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கமும் அவர் ஆய்வுக்குள் வந்தது. அவர் நிலவியலாளர்; செம்புரைச் சரளைப் படிவத்தை முதலில் நோக்கியே அதிலிருந்த கல்லை நோக்கினார். எனவே கருவியுடன் இடமும் படிவும் பதிவாயின. 1904இல் அருங்காட்சியகம் அவரது தொகுப்பை விலைக்கு வாங்கியபோது, பொருளுடன் அப்பதிவுகளின் பயனும் வந்தது. அவர் மறைந்த பின் 1916இல் வெளியான விளக்கக் குறிப்புகள் இன்றும் களஆய்வாளர்க்கு வழிகாட்டுகின்றன. நிலவியல் கூடமாகத் தொடங்கிய நிறுவனத்திற்கு அந்நிலவியலே சிறந்த தொல்லியல் தொகுப்பை ஈட்டித் தந்தது எனலாம்.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்த தாழிகளும் இரும்புக் கருவிகளும் பின்னர் இத்தொகுப்பில் சேர்ந்தன. 1876இல் யாகோர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றுவிட்டன. பல்லாவரம் சுற்றுவட்டாரத்தில் இன்று குடியிருப்புகளும் வானூர்தி நிலையமும் நெருங்கிநிற்கின்றன. அந்நிலத்தின் பழைய படிவுகளைப் பற்றி வினவுவோர் எழும்பூருக்கே செல்லவேண்டியுள்ளது.